உங்கள் தங்கை என்னை அடித்த விவரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. நோயில் படுத்து எழுந்த உங்கள் தங்கை நலம், அதுவும் வாய் விஷயத்தில் பூரண நலம். நியாயம் கேட்க நீங்கள் அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வர வேண்டும்.

பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை விழுந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அதற்கு இப்போது ஆஸ்பத்திரியில் தீவிரப் பயிற்சி கொடுக்கிறார்கள். என்ன பயிற்சி என்றால், நன்றாக இருக்கும் இடது கைக்குக் கனத்த உறையை மாட்டிக் கட்டிவிடுகிறார்கள். நாள் முழுக்க எல்லா வேலையையும் அந்த வலது கைதான் செய்ய வேண்டுமாம். வேலை செய்கிறவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிறவனை வேலை வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். இந்தச் சில வாரங்களில் பழக்காவிட்டால் அது சும்மா கிடக்கவே பழகிவிடும் என்றார் தெரபிஸ்ட் அம்மா. கத்தரிக்கோலைப் பிடித்தால் துணியை ஒரே ஓட்டமாக வெட்டுகிற கை, மச்சான். அது மேசை மேல் அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை.

அதனால்தான் பட்டாணி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் பட்டாணியை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அவள் நெற்றியெல்லாம் வியர்க்கப் போராடிக்கொண்டிருக்க, தெரபிஸ்ட் அம்மா போன் பேசத் திரும்பிய நேரம் பார்த்து நானே ஒரு பிடி அள்ளி அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். அவர் வந்து பார்த்து, இவ்வளவு முன்னேற்றமா என்று அசந்துபோய், பட்டாணியை எடுத்துவிட்டுக் கடுகைக் கொண்டுவந்து வைத்தார். என்னைக் காட்டிக்கொடுத்தது உங்கள் தங்கையேதான். "சார், நீங்க செய்ற ஒவ்வொரு உதவியும் அந்தக் கைக்கு நீங்க குடுக்கிற லீவு" என்று தெரபிஸ்ட் அம்மா சொல்லி என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உள்ளே விட்டார்கள். பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றிய ஸ்பூன் வாய்க்குப் பாதி வழி வந்து கவிழ்கிறது, மறுபடி அள்ளுகிறாள், மறுபடி கவிழ்கிறது. தட்டில் இருந்ததைவிட மடியில் இருந்தது அதிகம். கட்டிக்கொண்டவனுக்கு மனசு கேட்குமா? ஸ்பூனைப் பிடுங்கி ஒரு வாய் ஊட்டப் போனேன்.

"கொட்டிக்கிட்டாவது நானே சாப்பிடுறேன். நீங்க கையை எடுங்க" என்றாள்.

நான் எடுக்கவில்லை. வைத்தாள் பாருங்கள் கன்னத்தில் ஒன்று, அத்தனை பேர் முன்னால். அதுகூடப் பரவாயில்லை. அங்கிருந்த நோயாளிகள் எல்லாரும் கை தட்டினார்கள். இரு கையும் சேராதவர்கள் தொடையில் தட்டினார்கள். தெரபிஸ்ட் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டது அடி வாங்கிய என்னை அல்ல, அடித்தவளை.

இதற்கு நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

கன்னத்தைத் தடவியபடி,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். இடது கை உறைக்குள்தான் இருந்தது, மச்சான். அடித்தது வலது கை. மேசையிலிருந்து தானாக எழும்பி என் கன்னம் வரைக்கும் வந்தது. தெரபிஸ்ட் அம்மா இதையும் தினப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். நாளைக் காலையில் வழவழவென்று சவரம் செய்துகொண்டு சீக்கிரமே போய் உட்கார வேண்டும்.