முனியை எழுப்பிய வழிவிடு

பதுளையிலிருந்து ஹல்துமுல்லை வரை எந்தத் தேயிலைத் தோட்டத்தில் தேடினாலும் வழிவிடு மாதிரி எரிச்சலூட்டும் மனிதர் கிடைக்க மாட்டார். தொண்ணூறுகளில் நான் கிளாக்கராக இருந்த தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்ற கீழ்ப்பிரிவுக்குக் காவல்காரர் அவர். சொந்தப் பெயரை அவர் மனைவி செல்லம்மாவே மறந்திருப்பாள். இரண்டு பேர் பாதையில் நின்று பேசினால் போதும், பின்னாலிருந்து "வழி விடுங்க" என்று குரல் வரும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையே ஒதுங்கச் சொன்ன ஆள்.

அவருடைய உயிர் கீழ்க்கணக்குக்குக் கீழே இருந்த ஒரு பாதையில் இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கோடையில் யானைகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குத் தண்ணீர் தேடிப் போக அது ஒன்றுதான் வழி. அதை அடைத்தால் அவை நம் சனம் குடியிருக்கும் லயத்துக்குள் வரும் என்று தொண்டை கிழியக் கத்துவார். ஆனாலும் நம் சனம் அங்கே போஞ்சிக்காய்க் கொடி நட்டது.

ஒருநாள் அவர் அங்கே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பக்கத்தில் சூலம் குத்தினார். "முனி நடமாடுற எடம். மண்வெட்டி போட்டா கை வெளங்காது" என்றார். மறுநாளே போஞ்சிக் கொடி காணாமல் போனது. எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் நம் ஆட்கள் சாமியை மழையில் நனைய விடுவார்களா? முதலில் தகரக் கூரை வந்தது. பிறகு ஆடு மாடு வராமல் பாறையிலிருந்து பள்ளம் வரை முள்கம்பி வேலி. தோட்டத் தலைவர் ஆடியில் திருவிழாவும் வைத்துவிட்டார். தான் நட்ட கல்லே பாதையை அடைத்துக்கொண்டதைப் பார்த்து வழிவிடு சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தார்.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம். ஒலிபெருக்கி அலற, வேலிக்குள் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். செல்லம்மாவும் இருந்தாள். வழிவிடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஆனை ஓடைக்கு வந்திருச்சு. குட்டியோட வருது. எல்லாரும் வெளிய வாங்க."

"சாமி இருக்க எடத்துல ஆனை என்னா செஞ்சிரும்? ரெண்டு வெடி போட்டா ஓடிரும்" என்றார் தலைவர்.

"குட்டி இருக்கு தலைவரே, ஓடாது. மிதிச்சிரும். இது சாமியே இல்ல, நா நட்ட கல்லு."

கூட்டம் தலைவரின் முகத்தைப் பார்த்தது. பிறகு, "குடிச்சிட்டு ஒளர்றான்" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். கீழே ஒரு மரம் முறியும் சத்தம் கேட்டது.

வழிவிடு திடீரென்று நடுங்க ஆரம்பித்தார். சாமியாடிகளை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த மனுஷன், சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு குதித்தார்.

"ஏய், என் பாதைய அடைச்சது யாருடா?"

தலைவர் சடாரென்று கைகூப்பினார். "தப்பு நடந்துருச்சு சாமி. என்னா செய்யணும்?"

"வேலியப் புடுங்கு. என்னயத் தூக்கிட்டு லயத்துக்கு மேல போ. பாட்ட நிப்பாட்டு."

நிமிடத்தில் வேலி சாய்ந்தது. கல்லை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓட, சனம் பின்னால் ஓடியது. செல்லம்மா மட்டும் அசையவில்லை. "இந்தா பொங்கப் போகுது சாமி" என்றாள்.

முனி பழைய குரலில் சொன்னது: "அடியே, வழி விடுடி."

மேலே தேயிலைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யானைகள் வரிசையாக ஏறி வந்தன. குட்டி பொங்கல் பானையருகே நின்றது. தாய் தும்பிக்கையால் தட்டியதும் நகர்ந்தது. கடைசி வால் பாறைக்குப் பின்னால் மறையும்வரை ஒருவரும் இருமவில்லை.

அதன் பிறகு பாதையில் யாரும் ஒரு குச்சிகூட நடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வழிவிடுவிடம் குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குறிதான் சொன்னார். நீங்களே ஊகிக்கலாம்.

"நல்லா நடிச்சீங்க" என்றேன் ஒருநாள்.

அவர் சிரிக்கவில்லை. "பேச்சுத்தாங்க நடிப்பு. செல்லம்மா அந்தப் பானைகிட்ட ஒக்காந்திருந்தா ஐயா. நடுக்கம் தானா வந்துச்சு."

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்த எரிச்சலூட்டும் மனிதரை எனக்கு ரொம்பவும் பிடிக்கும். இன்றும் பஸ்ஸில் ஏறினால் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுகிறேன்.