கழுத்தில் வைத்த இரண்டாவது பொட்டு

பொட்டு வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கண்ணாடி வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில்கூட வட்டம் பிசகாமல் வைத்துவிடுவேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) அந்தக் கைத்திறமையால் ஓர் ஆபரேஷனையே நிறுத்தியவள் இந்த மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்த புதிது. எங்களுக்குக் கல்யாணமான புதிதும்கூட. காஜா பெராங்கில் ஒரு வாடகை அறை. அவர் கிளேபாங் பஸ்ஸில் கண்டக்டர். அவர் போடுகிற சத்தத்தில் பஸ் கிளம்பும் முன்பே கிளேபாங் வந்துவிடும் என்று டிரைவர் கேலி செய்வார். அந்தக் குரலுக்காகத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

அவருக்கு ஒரு சொத்தைப் பல். நான் கிராம்பு வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். வீக்கம் எங்கள் இருவரையும் மதிக்காமல் கழுத்துக்கு இறங்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மூச்சு விசிலடித்தது. திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பார்த்ததும் வெள்ளைக்கார டாக்டரின் முகம் மாறியது. கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்குழாயில் ஒரு குழல் வைத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எனக்கு மலாயில் சொன்னாள். அவள் செட்டி கம்பத்துப் பெண், தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டி வம்சம். நெற்றியில் என்னைப் போலவே பொட்டு, வாயில் மலாய் மட்டும்.

உள்ளே இருப்பதைக் காட்டும் மெஷினெல்லாம் அன்று ஏது? டாக்டருக்கு விரல்தான் கண். வீங்கிய கழுத்தை அழுத்தி அழுத்தி நடுவைத் தேடினார். ஒருவழியாகக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஊதா மையால் ஒரு புள்ளி வைத்தார். மிஸ்ஸியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வெள்ளைக்காரருக்குக்கூடத் திருஷ்டிப் பொட்டு தெரிந்திருக்கிறதே என்று நான் உருகிப்போனேன். (சிரிக்காதீர்கள். பத்தொன்பது வயது. அந்த வார்டே அவர் கழுத்தைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.) ஆனால் வைத்த லட்சணம்! ஊதா நிறம், வியர்வையில் கலைந்து வேறு போயிருந்தது. அதுவும் நட்டநடுவில். திருஷ்டிப் பொட்டை யாராவது நடுவில் வைப்பார்களா?

தள்ளுவண்டிக்கு ஆள் கூப்பிட மிஸ்ஸி நகர்ந்தாள். நான் பையிலிருந்து மைடப்பாவை எடுத்தேன். கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, கறுப்பாக, கச்சிதமான வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். அவர் கண்ணை உருட்டினார்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல," என்றேன்.

உள்ளே கொண்டுபோன சற்று நேரத்தில் மிஸ்ஸி வெளியே ஓடி வந்தாள். "சியாப்பா புவாட் இனி?" யார் செய்தது என்று கேட்டுக்கொண்டே தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "அடோய்! டாக்டர் வெட்டுறதுக்கு வச்ச அடையாளம் அது!" என்று மலாயில் கத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரல் இனிமேல் கிளேபாங் என்று கூப்பிடாமலே போய்விட்டால்? அதுவும் என் கையால் போய்விட்டால்? அழக்கூட வரவில்லை, அவ்வளவு பயம்.

உள்ளே நடந்ததை மிஸ்ஸி பிறகுதான் சொன்னாள். டாக்டர் இரண்டு புள்ளிகளையும் நம்பாமல் முதலிலிருந்து விரலால் தேடினாராம். அவள் பஞ்சை நனைத்துத் துடைக்கப் போனபோது, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த இந்த மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். என் பொட்டைக் காட்டினார். பிறகு தன் கன்னத்தைக் காட்டினார். டாக்டர் தலையாட்டினார். மிஸ்ஸி அந்த மையை எடுத்து அவர் கன்னத்தில் தடவிவிட்டுத்தான் கழுத்தைத் துடைத்தாள்.

வெளியே வந்தபோது கழுத்தில் குழல். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. கன்னத்தில் என் மை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீக்கம் வடிந்ததும், குழலை விரலால் அடைத்துக்கொண்டு பேசப் பழக்கினார்கள். முதல் பேச்சு என்னோடுதான்.

"பொட்டு வட்டமாத்தான் இருந்துச்சு சரசு. எடம்தான் தப்பு."

அவ்வளவுதான், எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. நான் எதைக் கெடுத்தாலும், தோசையோ, பிள்ளைகளுக்குப் பார்த்த சம்பந்தமோ, "வட்டமாத்தான் இருக்கு, எடம்தான் தப்பு" என்பார்கள்.

எங்கள் மகள் இப்போது மயக்க மருந்து டாக்டர். போன மாதம் கைக்கடக்கமான ஸ்கேன் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, அப்பாவின் பழைய தழும்பு மேல் பசையைத் தடவி வைத்துக் காட்டினாள்.

"இப்பல்லாம் வெட்டுறதுக்கு முன்னுக்கே இதுல பாத்துருவோம்ப்பா. நடு எது, ரத்தக் குழாய் எது, எல்லாம் தெரியும்லா."

நான் மெதுவாகக் கேட்டேன். "நான் வச்ச எடத்துல என்னம்மா இருக்கு?"

அவள் கருவியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாள். திரையில் கறுப்பாக, வட்டமாக ஒன்று துடித்தது. பெரிய ரத்தக் குழாய் என்றாள். அவர் கழுத்தைத் திருப்பாமல் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு அந்தக் கரகரத்த குரலில் சொன்னார்:

"பாத்தியா சரசு, வட்டமாத்தான் இருக்கு."