மினுங்காதவர்கள் விளக்கம் தரவும்

ஒரு செல் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். அது வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெண்மணி ஆறு வருஷமாக இந்தக் கஷ்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியில் எப்போதும் மஞ்சள் கறை இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் சாயக்காரம்மா. பதிவேட்டில் இருக்கும் பெயர் சமயத்தில் அவருக்கே மறந்துபோகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய செல்கள் மினுங்கின. எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்து, இளஞ்சூட்டுப் பெட்டியில் கைக்குழந்தை மாதிரி வளர்த்த செல்கள். நீல ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தால், நாலு செல் இருட்டு. ஐந்தாவது பச்சைப்பசேலென்று ஜொலித்தது. சாயக்காரம்மா எழுந்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஒரு குதி குதித்தார்.

உடனே பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "வாய் வறண்டு கஷ்டப்படுறவங்களுக்கு, சுரப்பியில எந்த செல் இன்னும் வேலை செய்யுதுன்னு இனிமே கண்ணாலயே பார்த்துடலாம்!"

"சீக்கிரம் அனுப்புங்க. இங்க ஒருத்தர் தண்ணி பாட்டிலும் கையுமா வாசல்லயே உட்கார்ந்திருக்கார். ஒரு வாய் சோறு முழுங்க அரை பாட்டில் தண்ணி வேணும் அவருக்கு. சுரப்பியில வேலை செய்யிற செல் மிச்சம் இருக்கான்னு தெரிஞ்சாத்தான் மருந்து."

சாயம் வெளியே போக இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அவர் அறையில் நிர்வாக அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். சாயக்காரம்மா எளிமையாக விளக்கினார்.

"சாயத்தை மாவுச்சத்துல நெருக்கிக் கட்டி வச்சிருக்கோம் சார். அப்போ மினுங்காது. செல்லுக்குள்ள இருக்கிற நொதி அந்த மாவுச்சத்தை வெட்டிவிட்டா, கட்டு அவிழ்ந்து மினுங்கும். செத்த செல் மினுங்காது. உயிரோட சும்மா கிடக்கிற செல்லும் மினுங்காது."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உயிரோட சும்மா கிடந்தா மினுங்காதா?"

"மினுங்காது சார்."

"இதைத்தாம்மா நான் இருபத்தெட்டு வருஷமாத் தேடிட்டிருக்கேன்," என்றார் தழுதழுத்த குரலில். "நம்ம ஊழியர் இருநூறு பேருக்கும் ஆளுக்கு ஒரு அட்டை. அதுல இந்தச் சாயத்தைப் பூசிடுங்க."

சாயக்காரம்மா பதறிப்போனார். "சார், இது மனுஷங்க வேலையைக் காட்டாது. நொதியைத்தான் காட்டும்."

"ஊழியர்களுக்கு நொதி உண்டா, இல்லையா?"

"எல்லாருக்கும் உண்டு. எச்சில்லயே இருக்கு. ஆனா..."

"உண்டுன்னு சொல்றாங்க. எழுதிக்குங்க."

நிர்வாக அதிகாரி எழுதிக்கொண்டார்.

"ஒருதடவை கட்டு அவிழ்ந்தா அவிழ்ந்ததுதான் சார். அப்புறம் அணையவே அணையாது."

"நல்ல உழைப்பு நிலைச்சு நிக்கும்னு சொல்றாங்க. அதையும் எழுதிக்குங்க."

அட்டை தயாரானால்தான் ஆஸ்பத்திரிக் கோப்பு எடுக்கப்படும் என்று அன்போடு தெரிவிக்கப்பட்டது. அட்டைகள் தயாராயின. சுற்றறிக்கையும் வந்தது. "ஊழியர் அனைவரும் சாய அட்டையை மார்பில் அணிந்து, மாலையில் வாயிலில் நீல விளக்கின் முன் நின்று தத்தம் உயிர்ப்பை மெய்ப்பித்தல் வேண்டும். மினுங்குபவர் பணியில் உள்ளவராகக் கருதப்படுவார். மினுங்காதவர்கள் விளக்கம் தரவும்."

முதல் நாள் மாலை, மூன்று மணி நேரம் கூட்டத்தில் பேசிய துணைச் செயலாளர் கலங்கரை விளக்கம் மாதிரி வெளியே வந்தார். பகல் முழுக்கத் தங்கையோடு போனில் சண்டை போட்ட பண்டகசாலைப் பெண்மணிக்கு இரண்டாம் இடம். காலையிலிருந்து வாயைத் திறக்காமல் உலைமுன் நின்று ஆய்வகத்துக்கு நாற்பது கண்ணாடிக் குழாய் செய்த கண்ணாடி அண்ணன் இருட்டு. செல்லில் எச்சில் தெறிக்கக் கூடாதென்று நாள் முழுக்க முகக்கவசம் போட்டிருந்த சாயக்காரம்மா அதைவிட இருட்டு.

"தாங்கள் உயிரோடு இருப்பதில் இவ்வலுவலகத்துக்கு ஐயமில்லை; எனினும்..." என்று தொடங்கியது அவருக்கு வந்த கடிதம்.

பேசினால் எச்சில் தெறித்து அட்டை மினுங்கும் என்ற சூட்சுமம் இரண்டே நாளில் எல்லோருக்கும் பிடிபட்டது. கூட்டங்கள் பெருகின. கூட்டம் கிடைக்காதவர்கள் கோப்புகளை உரக்கப் படித்தார்கள். பச்சை எடுப்பாகத் தெரியக் கறுப்புச் சட்டை போடுவது நாகரிகமாயிற்று. கையெழுத்துப் போடத்தான் யாருக்கும் வாய் ஓயவில்லை. ஆஸ்பத்திரிக் கோப்பு மேஜையிலேயே தூங்கியது.

பிறகு ஒருநாள் துணைச் செயலாளர் அட்டையை நாற்காலியில் மறந்து வைத்துவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் வாயிலுக்கு வராதவர்களைத் தேடி விளக்கோடு அறை அறையாகப் போன காவலர், அட்டை மினுங்குவதைப் பார்த்து 'பணியில் உள்ளார்' என்று எழுதினார். மறுநாளும் எழுதினார். மூன்றாம் நாள் துணைச் செயலாளருக்கு இடையறா உழைப்புக்கான பாராட்டு மடல் போயிற்று, வீட்டு முகவரிக்கே.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா! மாதக் கடைசியில் இருநூறு நாற்காலியில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு அட்டைகள் பளபளவென்று பணியாற்றிக்கொண்டிருந்தன. கட்டடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். சாயக்காரம்மாவுக்கு இது சொர்க்கம். ஆறு மாத வேலையை இரண்டு வாரத்தில் முடித்தார். ஆனால் டாக்டரம்மாவின் போன் வந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா, அவர் இப்போ ரெண்டு பாட்டிலோட வர்றார்!"

"கையெழுத்துப் போட ஆளே இல்லையே," என்று சாயக்காரம்மா கண்ணாடி அண்ணனிடம் புலம்பினார்.

அண்ணன் அபூர்வமாக வாயைத் திறந்தார். "சுற்றறிக்கைப்படி எல்லாரும் இருக்காங்களே."

சாயக்காரம்மா அவரையே பார்த்தார். பிறகு இருவரும் போய், இயக்குநர், நிர்வாக அதிகாரி, துணைச் செயலாளர் மூவரின் அட்டைகளையும் கூட்ட அறைக்கு மரியாதையாக எடுத்துவந்து, தலா ஒரு நாற்காலியில் அமர்த்தினார்கள். சாயக்காரம்மா முகக்கவசத்தைக் கழற்றாமலே கோப்பை உரக்கப் படித்தார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று மூன்று முறை கேட்டார். ஆட்சேபம் எழவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது நிமிஷம்.

சாயம் அன்றைக்கே போயிற்று. பாட்டில்காரரின் செல்கள் பாதிக்குமேல் மினுங்கின. வேலை செய்யும் செல்கள் போதுமான அளவு மிச்சம் இருந்திருக்கின்றன. மருந்து கொடுத்த மூன்றாம் வாரம், அவர் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் ரொட்டி மென்று காட்டினாராம். போனில் இதைச் சொல்லும்போது டாக்டரம்மா சிரித்தார், சாயக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

விஷயம் பத்திரிகையில் வந்ததும் இயக்குநர் ஓடோடி வந்தார். கூட்டக் குறிப்பைப் படித்தார்.

"ஒன்பது நிமிஷத்துல தீர்மானமா! நான் அவ்வளவு தெளிவாவா பேசினேன்?"

"நீங்க குறுக்கே ஒரு வார்த்தை பேசல சார்," என்றார் சாயக்காரம்மா, உள்ளபடியே.

இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. இனி எல்லாக் கூட்டமும் இதே முறையில்தான் என்று உத்தரவிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அதன்பிறகு அந்த நிறுவனத்தில் ஒரு கோப்பும் தேங்கவில்லை. வேறு நிறுவனத்தார் பார்த்துப் படித்துக்கொள்ள வரிசையில் வந்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். அந்த ஒன்பது நிமிஷக் கூட்டத்துக்கு மினுங்காத இருவர் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. சாயக்காரம்மாவும் கண்ணாடி அண்ணனும் விளக்கம் எழுதி மாளவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு வருஷம் விடுப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள். அட்டைகள் கூடி, ஆட்சேபமின்றி அனுமதித்தன. மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் உலையை மூட்டினார். சாயக்காரம்மா நுண்ணோக்கியின் உறையை எடுத்தார்.

அந்த வருஷம் அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் விடுப்பில் இருந்தார்கள்.