கமா எண்ணும் சோமசேகரத்தார்

எங்கள் திருகோணமலையில் ஓர் இனம் உண்டு. மருத்துவத்தில் ஒரு வரி படித்திராது. ஆனால் எந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் கத்தியைத் தொடலாம், எவர் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும். பாலையூற்றுச் சோமசேகரத்தார் ஒருவரைப் பார்த்தால் போதும். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருசம் கடிதங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனுசன், இப்போது தனியார் கிளினிக் வாசல்களில் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குடை நுனியால் பெயர்ப்பலகையைத் தொட்டுத் தொட்டு, டொக்டரின் பெயருக்குப் பின்னால் பட்டங்களுக்கு நடுவில் எத்தனை கமா என்று எண்ணுவார். எழுத்து என்ன சொல்கிறது என்று வாசிப்பாரா? அந்த வேலை அவருக்கு எதற்கு!

பக்கத்து வீட்டுப் பத்மாசனியின் புருசன் பிரசாந்தனுக்கு ஒரு காலையில் வயிற்றின் வலப்பக்கம் வலி. ஆஸ்பத்திரியில் டொக்டர் சிவாஜினி அழுத்திப் பார்த்து, குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே வெட்டவேண்டும் என்றார். பத்மாசனி கையெழுத்து வைக்கப் போன நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் நம்மவர்.

"பிள்ளை, இவ ஆரெண்டு தெரியுமே? உப்புவெளித் தம்பிராசான்ர மகள். தேப்பன் வலை இழுத்த மனுசன்!"

"அவ படிச்சவதானே அண்ணை?"

"என்னத்தைப் படிச்சவ? பேருக்குப் பின்னால ரெண்டே ரெண்டு கமா. கொழும்பில ஒருத்தர் இருக்கிறார், ஏழு கமா! நான் சனல் பண்ணி அவரைப் பாக்க நம்பர் எடுத்துத் தாறன், வெளிக்கிடுங்கோ."

உள்ளூர் மாடு விலைபோகாதாம். அந்த இரண்டு கமாவுக்குள் ஐந்து வருச மருத்துவப் படிப்பும், அதற்குமேல் சத்திரசிகிச்சைக்கென்றே பல வருசப் பயிற்சியும், ஆளை வடிகட்டும் பரீட்சைகளும் கிடக்கின்றன. 'இதுவரை எத்தனை குடல்வால் வெட்டியிருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். கேட்பாரா? கேட்டால் பதில் தெரிந்துவிடுமே!

இப்போது பயணம் போவது ஆபத்து என்று சிவாஜினி சொல்லச் சொல்ல வான் பிடித்தார்கள். தம்பலகாமம் தாண்டவில்லை, பிரசாந்தன் "ஐயோ, ஏலாது" என்று சுருண்டான். பத்மாசனி அந்தரப்பட்டு ஏழு கமா டொக்டரின் கிளினிக்குக்குப் போன் எடுத்தாள்.

"வயிறோ? அம்மா, எங்கட டொக்டர் காது, மூக்கு, தொண்டை பாக்கிறவரெல்லோ!"

வான் திரும்பியது. வந்து சேர்வதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. சிவாஜினி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வெட்டி, கழுவி, தைத்து ஆளைப் பிழைக்கவைத்தார். மூன்று நாளில் வீடு போகவேண்டியவன் பதினெட்டு நாள் கிடந்தான். பத்மாசனி அத்தனை நாளும் நேரத்துக்குச் சோறு தண்ணியில்லாமல் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையிலேயே இருந்தாள்.

நம்மவர் வெட்கப்பட்டாரா? தோடம்பழத்தோடு வந்து, தையலைக் குனிந்து பார்த்து, "கொழும்பெண்டால் தழும்பே தெரியாது" என்றார். சீ, இதுவும் ஒரு பிறவி!

பத்மாசனி பழத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தக் கொழும்பு டொக்டரிட்ட நீங்களே போங்கோ அண்ணை. தொண்டையும் பாக்கிறவராம்."

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் நாளில் சரியான கேள்வியைத்தான் கேட்பீர்கள். இருந்தாலும், இதை எழுதியவனுக்கு என்ன பட்டம் என்று தலைப்புக்குக் கீழே ஒருதரம் தேடினீர்களே, அது எதற்கு?