மச்சானின் படகுத்துறை இப்போது ஓடைமேல் இருக்கிறது

டம்லின் ஏரி,
மார்ச் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய ரோலண்ட் மச்சான் அவர்களுக்கு லைல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே தங்கள் தங்கை வெர்னா நலம். நாய் நலம். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உருகவில்லை, அதுவும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. ஃபுளோரிடாவில் தாங்களும் அக்காவும் வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்காமல் இரண்டே வரியில் தாங்கள் எழுதிய முதல் கடிதம் இதுதான். "என் படகுத்துறை எங்கே? சரியான பதில் வராவிட்டால் இனி என் நிலத்தில் ஒரு பனிவண்டியும் ஓடாது" என்று எழுதியிருந்தீர்கள். அதை வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போன இடத்தில் நம் பனிவண்டிக் குழுத் தலைவர் ஹார்லனிடம் காட்டினேன். மனிதர் தட்டில் பாதி மீனை அப்படியே வைத்துவிட்டார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. தங்கள் நிலம் பனிவண்டித் தடத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அதை மூடினால் வடக்கே இருக்கிற மதுக்கடைக்கும் விடுதிக்கும் குளிர்காலத்தில் ஈ காக்கை வராது. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன். தங்கள் பலகைத் துறை பத்திரமாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் அதன்மேல் போய்வந்தார்கள். ஒரே ஒரு மாற்றம், அது இப்போது ஏரிக்கரையில் இல்லை, தங்கள் நிலத்து ஓடைமேல் பாலமாக இருக்கிறது. கடிதத்தைக் கிழிக்காமல் மேலே படிக்கவும்.

எல்லாம் மார்லிஸ் வந்ததில் ஆரம்பித்தது. தாங்கள் அந்தப் பெண்மணியைப் பார்த்ததில்லை. மாநிலப் பனிவண்டிச் சங்கத்தில் அவர்தான் குழுக்களுக்காக அரசாங்கத்திடம் பேசுகிறவர். ஆள் என் தோள் உயரம் இருப்பார், குரல் மட்டும் தடம் சமன்செய்கிற இயந்திரத்தின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். காரின் பின்சீட்டில் வரைபடங்களும் ஒரு தலையணையும் கிடக்கும். காலையில் ஒரு மாவட்டம், மாலையில் இன்னொன்று. ஒவ்வொரு குழுவின் பாலம் எப்படி இருக்கிறது, எந்த நிலக்காரர் முறைத்துக்கொண்டிருக்கிறார், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். பால் வண்டி ஓட்டிய காலத்தில் நானும் ஊர் ஊராகப் போனவன்தான், ஆனால் எனக்கு மாடுகளின் பெயர்தான் ஞாபகம் இருந்தது.

ஜனவரியில் குழுக் கூட்டத்துக்கு வந்தவர், சட்டமன்ற உறுப்பினர் கோரின் அம்மையார் நம் தடத்தில் வண்டி ஓட்டிப் பார்க்க வருகிறார் என்று சொன்னார். தடங்களுக்கான நிதியை முடிவுசெய்வது அந்த அம்மையாரின் சட்டமன்றக் குழுதானாம், அவர் கை தூக்கினால் நம் பாலத்துக்கு விடிவுகாலமாம். தங்கள் நிலத்து ஓடைப் பாலத்தின் நிலைமைதான் தங்களுக்குத் தெரியுமே. இரும்புச் சட்டம் நன்றாக இருக்கிறது, மேல்பலகை எல்லாம் உளுத்து, போன பருவத்தில் ஒருவரின் வண்டி முன்பாதி ஓடையிலும் பின்பாதி பாலத்திலுமாக நின்றது.

மார்லிஸ் மேசையைத் தட்டிச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கங்க. நாம பிச்சை கேக்கலை. வண்டியைப் பதியறப்ப கட்டினது நம்ம காசு, பெட்ரோலுக்குக் குடுத்த வரியும் நம்ம காசு. அதுல தடத்துக்கு உண்டானதைக் குடுங்கன்னுதான் கேக்கறோம். ஆனா அந்தம்மா கண்ணால பாக்கணும். ஓட்டைப் பாலத்தை ஓட்டையாவே காட்டுங்க. ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினோம். ஹார்லன்தான் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினார். மார்லிஸின் கார் திருப்பத்தில் மறைந்ததும் அவர் எழுந்து நின்றார். "ஏம்ப்பா, வீட்டுக்கு விருந்தாளி வர்றப்ப வாசல்ல பள்ளத்தை வச்சுக்கிட்டு வாங்கம்மான்னு கூப்பிடுவோமா? அந்தப் பொம்பளை ஓடைக்குள்ள விழுந்தா நம்ம மூஞ்சியை எங்க கொண்டு வைக்கறது?" என்றார். அவ்வளவுதான். மாநிலச் சங்கம் போட்ட திட்டம் அந்த நிமிடமே ஓடையில் போய்விட்டது. நம் ஊர்க்காரர்களைத் தாங்கள் அறிவீர்கள். துணி துவைக்கிற இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் வந்தால், அவன் பார்ப்பதற்குள் அதைத் துடைத்து, பின்னால் குவிந்த தூசியை எடுத்து, முடிந்தால் பழுதையும் நாமே பார்த்துவைக்கிற வம்சம் இது.

பலகைக்குப் பணம் இல்லை. இறைச்சியைப் பரிசாக வைத்து நடத்திய குலுக்கலில் சேர்ந்ததெல்லாம் தடம் சமன்செய்கிற இயந்திரத்தின் டீசலுக்கே போய்விட்டது. ஆகவே ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொடுத்தார்கள். ஒருவர் கோழிக்கொட்டகையின் தரையைக் கொடுத்தார், கோழிகள் இப்போது அவர் வீட்டு நிலவறையில் இருக்கின்றன. எனக்கு இதொன்றும் தெரியாது. மறுநாள் காலை காபியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடைகாலம் முழுக்கப் பாடுபட்டுக் கட்டினேனே அந்த மரத்தளம், அதில் காலை வைத்தேன். தளம் இல்லை. காபி ஒருபக்கம், நான் ஒருபக்கம். இடுப்பின் கதை இதுதான். மேலேயிருந்து வெர்னா எட்டிப் பார்த்து, "ஏங்க, சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். பலகையைப் பாலத்துக்குக் குடுத்துட்டேன். கப் உடைஞ்சிடுச்சா?" என்றாள். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் கேட்ட முதல் கேள்வி கப்பைப் பற்றி.

சண்டை போடுவது என்று முடிவுகட்டி நேராகப் பாலத்துக்குப் போனேன். அங்கே முக்கால்வாசி ஊர் இருந்தது. யாரோ என் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். சண்டையை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நாலு ஆணி அடித்தேன். மத்தியானத்துக்குள் சண்டை மறந்துபோய், ஹார்லன் வளைத்து அடித்த ஆணிகளைப் பிடுங்கி நேராக அடித்துக்கொண்டிருந்தேன். மச்சான், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விரல் விறைத்துப்போகிற குளிர், ஒருவர் மாற்றி ஒருவர் கேலி, சூப் பானையோடு வந்த பெண்கள். ஒரு காசு கூலி இல்லாமல் அத்தனை பேர், தங்கள் சொந்த வீட்டைக் கழற்றி, முன்பின் தெரியாத யாரோ வண்டி ஓட்டிப் போவதற்காகப் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரை நான் இதுவரை சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

நடுவில் ஒரு பகுதிக்குப் பலகை போதவில்லை. குளிர்காலத்துக்காகக் கழற்றிக் கரையில் அடுக்கிய தங்கள் துறை அங்கிருந்து பார்த்தால் தெரிகிறது. எல்லோரும் பார்த்தோம். தங்கள் தங்கைதான் வாய் திறந்தாள். "எடுங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லாது. நான் இன்னைக்கே ஃபோன் போட்டுச் சொல்லிடறேன்" என்றாள். ஃபோன் போடவில்லை என்பது தங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், அன்றைக்கு ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தது, வீட்டுக்குப் போய்ச் சுட வேண்டியிருந்தது என்கிறாள்.

அம்மையார் வந்த அன்று பனி வேறு காலை வாரிவிட்டது. முந்தைய நாள் அடித்த வெயிலில் பனி உருகி, தடம் சாலையைக் கடக்கிற இடமெல்லாம் கறுப்பாகத் தெரிய, தேவாலயத்துக்குப் பின்னால் நிழலில் கிடந்த பனியை வாரிவந்து கொட்டித் தட்டிவைத்தோம். பாதிரியாரும் ஒரு மண்வெட்டி பிடித்தார். அம்மையார் நன்றாகவே ஓட்டினார். ஒருமுறை புரண்டு விழுந்து, தானே எழுந்து, தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுச் சிரித்தார். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கிக் கீழே குனிந்து என்னவோ பார்த்தார். அப்படியே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு மதுக்கடையில் விருந்து. ஆப்பிள் பை மூன்றாவது துண்டு சாப்பிடும்போது அம்மையார் கேட்டார். "இவ்வளவு நல்ல தடத்தை நான் எங்கயும் பாக்கலை. உங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?"

மார்லிஸ் இத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி அது. ஹார்லன் வாயெல்லாம் பல்லாக எழுந்து, "ஒண்ணுமே வேண்டாம்மா! இன்னொரு துண்டு வச்சுக்கங்க!" என்றார்.

காபிக் கூஜாவோடு பின்னால் நின்ற மார்லிஸின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் பிடித்துக்கொண்டார். "பாலம் எப்படி ஒரே வாரத்துல முளைச்சுது? என்கிட்ட மறைக்கறீங்களா? உங்களுக்காக நான் மாநிலம் பூரா தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி ஜோடிச்சு வச்சுக்கிட்டு ஒண்ணும் வேண்டாம்கறீங்க!" ஹார்லன் சின்னப் பையன் மாதிரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மார்லிஸ், மனசு கேக்கலை" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்மணியின் கோபம் எங்கே போனதோ, "எல்லாக் குழுவுலயும் இதே கதைதான்யா. நீங்க கெட்டிக்காரங்களா இருக்கறதாலதான் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, மார்ச்சில் தலைநகரில் அம்மையாரின் குழு நிதிக் கோரிக்கைகளைக் கேட்கப்போகிறது, ஒருவர் வந்து நடந்ததைப் பேச வேண்டும் என்றார். பேசத் தெரிந்தவர் யாரும் கிடைக்காமல் என்னை அனுப்பினார்கள்.

தலைநகருக்குப் போனேன். மாநிலம் முழுவதிலுமிருந்து குழுக்கள் வந்திருந்தன. மார்லிஸ் ஒவ்வொருவரின் காலரையும் சரிசெய்து, யார் எதைப் பேச வேண்டும் என்று சொல்லி, தனக்குக் கிடைத்த நேரத்தையும் ஒரு சின்னக் குழுவின் கிழவருக்கு விட்டுக்கொடுத்தார். அந்தக் கிழவர் பேசியதையும் கேட்டேன். கெஞ்சவில்லை, கத்தவும் இல்லை. இந்தத் தடங்கள் எல்லாம் நிலக்காரர்கள் மனமுவந்து கொடுத்த அனுமதியிலும், கூலி வாங்காத கைகளிலும் நிற்கின்றன, அந்தக் கைகளுக்கு வயதாகிறது என்றார்.

என் முறை வந்தது. எழுதிவைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. கோரின் அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "லைல், நான் ஒண்ணு கேக்கலாமா? உங்க பாலத்து நடுவுல ஒரு பலகையில 'அந்நியர் படகு கட்டக் கூடாது'ன்னு எழுதியிருக்கே, அது ஏன்?" என்றார். தாங்கள் பெரிய எழுத்தில் பொறித்துவைத்ததுதான், மச்சான். அவசரத்தில் நாங்கள் அதைத் திருப்பிப் போட மறந்துவிட்டோம்.

அப்புறம் என்ன, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோழிகள், என் மரத்தளம், உடைந்த கப், வெர்னா போடாத ஃபோன், எல்லாம். மண்டபமே சிரித்தது. அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்கே படிச்சேன். யாராவது உண்மையைச் சொல்வீங்களான்னு பாத்தேன். சொந்த வீட்டைக் கழற்றி எனக்குப் பாலம் போட்டுட்டு, ஒண்ணும் வேண்டாம்னு சொன்ன ஊரு இது ஒண்ணுதான்" என்றார். கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணில் தூசி என்றார்.

ஆகவே, மச்சான், புதுப் பாலத்துக்கு வழி பிறந்துவிட்டது. ஒரே நிபந்தனை, நிலக்காரரின் அனுமதி. அது தாங்கள்தான். கோடைகாலத்தில் புதுப் பாலம் எழும், தங்கள் துறை ஒரு பலகை குறையாமல் கரைக்குத் திரும்பும். இது என் சத்தியம். என் மரத்தளம் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, தங்கள் துறை முதலில். இத்துடன் இருக்கிற தாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி தீர்ந்து, வெயில் மட்டுப்பட்டு, நீண்ட ஆயுளோடு இருக்கப் பிரார்த்திக்கும்,

தங்கள் மைத்துனன்,
லைல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன அன்றே பொறியாளர் வந்து பாலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஓரங்களில் இருந்த என் பலகைகளைக் காலால் மிதித்து, இவை எதற்கும் உதவாது என்று பிடுங்கிப் போட்டுவிட்டார். நடுவில் தங்கள் பலகை வந்ததும் நின்று, "படகு கட்டறதுக்கு இவ்வளவு கனத்துல ஓக் பலகை போட்ட மகராசன் யாரு? இது என் பேரன் காலத்துக்கும் தாங்கும்" என்றார். ஓரங்களை மட்டும் மாற்றினால் போதுமாம், புதுப் பாலம் தேவையில்லையாம், அதற்கும் தங்கள் அனுமதி வேண்டுமாம். மீதி நிதியைப் பாலமே இடிந்துபோன பக்கத்து மாவட்டக் குழுவுக்குக் கொடுப்பதென்று நேற்று நம் குழுக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது, நானும் கை தூக்கினேன், மன்னிக்கவும். ஆக என் மரத்தளம் திரும்பி வந்துவிட்டது, தங்கள் துறை வராது. மேலே செய்த சத்தியத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாம். என்ன சொல்லித் தங்களைச் சமாதானப்படுத்துவது என்று வெர்னாவைக் கேட்டேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அண்ணனுக்கு ஏதுங்க படகு? ஃபுளோரிடா போறப்பவே வித்துட்டாரே" என்கிறாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.