பின்னறையின் மூலதனம்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார் ரிப்போர்ட்.

ரிப்போர்ட் என்பது அக்கம்பக்கத்தார் அவருக்கு வைத்த பெயர். பணக்காரர்களிடம் பணம் திரட்டி, கம்பெனிகளை வாங்கி, வளர்த்து விற்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்கு அறிக்கை எழுதுவார். கையில் இருபது இருந்தால் அதைப் படிக்கிறவருக்கு நூறு தெரியும். பொய் ஒன்றும் கிடையாது. எந்த எண்ணை முதல் பக்கத்தில் போடுவது, எதைப் பதினேழாம் பக்கத்தில் போடுவது என்பதில்தான் சூட்சுமம்.

அவர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றது வீட்டின் பின்னறையை. ஓட்டை சைக்கிளும் கிழிந்த மெத்தையும் அடைந்து கிடந்த அறை. அதில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு, மாலையில் யாரும் கூப்பிடாமல் உட்கார வேண்டும் என்பது ஏழு வருட ஆசை. ஆர்டருக்குக் கேக் செய்யும் மனைவிக்கோ அங்கே அடுப்பு வைக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை முழுக்கக் கேக் இருப்பதால் ரிப்போர்ட் மூன்று வருடமாக நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்.

"ரூமை ரிப்பேர் பண்ண யார் அதிகமா மூலதனம் போடறாங்களோ, ரூம் அவங்களுக்கு. சரியா?"

"சரி. நான் எண்பதாயிரம் வச்சிருக்கேன். நீங்க?"

"ரெண்டு லட்சம்."

அவள் க்ரீம் தடவுவதை நிறுத்தினாள். "ஏங்க, போன வாரம் செருப்பு தைக்கவே யோசிச்சீங்க?"

"கையில இருக்கறது இருபதாயிரம். மீதி வாக்கு."

"வாக்கா?"

"எங்க ஆபீஸ்ல அப்படித்தான். நூறு கோடி தர்றேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டா அன்னைக்கே அது எங்க மூலதனம். முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போடுவோம். வந்து சேர்ந்தது எவ்வளவுங்கறது பின்னாடி எங்கேயாவது இருக்கும்."

"மீதி எப்ப வரும்?"

"நிர்வாகி கேக்கும்போது. பத்து நாள் நோட்டீஸ்."

"தரலைன்னா?"

மனைவி தன் வேலையைப் பற்றி இத்தனை கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. ரிப்போர்ட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "தரலைன்னா போட்டதும் போச்சு. பங்கு மத்தவங்களுக்குப் போயிடும். அந்த பயத்துலதான் எல்லாரும் ஒழுங்கா தர்றாங்க."

"நல்லாத்தான் இருக்கு. எழுதிக் கொண்டு வாங்க."

ஆபீஸ் ஒப்பந்தத்தைப் பார்த்து நாலு பக்கம் அடித்து எடுத்து வந்தார். நிர்வாகி என்ற இடத்தில் மனைவி பெயரைப் போட்டிருந்தார். பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் பின்னால் அலைய வேண்டியது நிர்வாகிதானே. அலைச்சல் அவளுக்கு, அறை தனக்கு. அவள் பென்சிலும் கையுமாக இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு சதவீதம் நிர்வாகக் கூலின்னு இருக்கே?"

"எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கறதுதான். வாக்கு குடுத்த மொத்தத் தொகைக்கும், வருஷா வருஷம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டு, கையிலிருந்த இருபதாயிரத்தைக் கொடுத்தார். திங்கட்கிழமை அவளிடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம், பத்து நாளுக்குள்.

"வேலையே ஆரம்பிக்கலையே?"

"தொட்டி, குழாய், அடுப்பு எல்லாத்துக்கும் முன்பணம் கேக்கறாங்க."

"நாற்காலி போடற ரூமுக்குத் தொட்டி எதுக்கு?"

"எதுல முதலீடு பண்றதுன்னு நிர்வாகிதான் முடிவு பண்ணுவாங்களாம். மூணாம் பக்கம்."

ரிப்போர்ட் பாங்கில் கேட்டார். கைவிரித்தார்கள். மச்சானைக் கேட்டார். மச்சான் சிரித்துவிட்டு அக்காவுக்கே போன் போட்டுச் சொன்னான். ஒன்பதாம் நாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"என் சைக்கிளை ஒரு லட்சத்து எண்பதாயிரம்னு மதிப்புப் போட்டு எடுத்துக்கோ. எங்க ஆபீஸ்ல விக்காத சொத்துக்கு நாங்களேதான் மதிப்புப் போடுவோம்."

"ரொம்ப நல்லது. வித்துட்டுப் பணமா கொண்டு வாங்க."

பழைய இரும்புக்காரர் முந்நூறு தருவதாகச் சொன்னார். அதுவும் மெத்தையையும் சேர்த்துக் கொடுத்தால்.

பதினோராம் நாள் அவர் போட்ட இருபதாயிரமும் அவர் பங்கும் மனைவி பெயருக்கு மாறின. ரிப்போர்ட்டுக்குப் பணம் போனதைவிட அந்த நாற்காலி போனதுதான் வலித்தது.

"கூலி நாலாயிரம் பாக்கி இருக்குங்க."

"பங்கே போச்சு, கூலி எதுக்குடி?"

"பங்கு போனாலும் கூலி போகாது. நாலாம் பக்கம், நீங்க அடிச்சதுதான்."

"என்கிட்ட ஏது அவ்வளவு?"

"பணமா வேண்டாம். உழைப்பா குடுங்க, போதும்."

பின்னறை இப்போது வெள்ளை டைல்ஸ் போட்டு, ஜன்னல் வைத்து, காற்றும் வெளிச்சமுமாக இருக்கிறது. ரிப்போர்ட் தினமும் மாலையில் அங்கேதான் இருக்கிறார். கேக் தட்டு கழுவுகிற தொட்டியை அவள் அங்கேதான் வைத்திருக்கிறாள்.