வெயிலண்ணாச்சி பார்த்த ஆவுளியா

கோவில்பட்டியில் அடிக்கிற வெயில் முழுவதும் ஒரே ஒரு மனிதரைக் கேட்டுத்தான் அடிக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு வந்து ஒரு நாள் இருந்து பார்த்தால் நம்புவீர்கள். அவர் பெயர் வெயிலண்ணாச்சி. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சி காய்ந்துவிட்டதா இல்லையா என்று சொல்வதுதான் அவர் வேலை. ஒரு குச்சியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடுவார். "இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்" என்றால் கெடக்க வேண்டியதுதான், முதலாளியே வந்து நின்றாலும் சரி. ஒருமுறை முதலாளி ஆசைப்பட்டு ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். மெஷின் காய்ந்துவிட்டது என்றது, அண்ணாச்சி காயவில்லை என்றார். குச்சியைக் கிழித்துப் பார்த்தோம், 'புஸ்' என்று புகைந்து அணைந்தது. மறுநாள் மெஷினைக் காணோம்.

ஈரம் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. எப்போதும் மூன்று துண்டு வைத்திருப்பார். ஒன்று முகம் துடைக்க, ஒன்று கை துடைக்க, மூன்றாவது அந்த இரண்டையும் துடைக்க. தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரைத் துடைப்பார், குடித்த பின் உதட்டைத் துடைப்பார். கடலைமிட்டாய் வாங்கினால் காதருகே வைத்து ஒடித்துப் பார்ப்பார். சத்தம் சரியில்லை என்றால் "நமுத்துப் போச்சு, நீரே தின்னும்" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். வருஷத்துக்கு நாலு மழை பெய்கிற ஊரில் பன்னிரண்டு மாதமும் குடையோடு நடக்கும் ஒரே மனிதர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து பொய் வந்து யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையை ஆபீசில் நான் நிவர்த்தி செய்துவந்தேன்.

நான் டெஸ்பாட்ச் கிளார்க். பார்சலுக்கு லேபிள் ஒட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பெருமை பேசுவேன். அப்படி ஒரு நாள் டீ குடிக்கும்போது, சின்ன வயதில் எங்கள் ஊர்க் கண்மாயை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஏழு தடவை நீந்திக் கடந்தேன் என்று அடித்துவிட்டேன். அந்தக் கண்மாயில் நான் பிறந்ததிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பேக்கிங் பார்க்கும் செண்பகம் அக்கா மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

அதன்பின் ஒரு வாரத்தில் தீப்பெட்டி மெஷின் ரிப்பேர் என்று இரண்டு நாள் லீவு வந்தது. முதலாளிக்கு உற்சாகம் பிறந்து, ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேரையும் பாம்பன் பக்கம் படகு சவாரிக்குக் கூட்டிப் போவதாக அறிவித்தார். தீவைச் சுற்றிப் பார்க்கலாம், மூச்சுக் குழாயும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பவளப்பாறையும் பார்க்கலாம்.

"ஏழு தடவ நீந்துன ஆளு நம்மகிட்ட இருக்காருல்லா? மொதல்ல அவர எறக்குவோம்" என்றார் செண்பகம் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்ய? அன்று கடலில் இறங்காவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை டீ நேரத்தில் நான்தான் வடை.

வெயிலண்ணாச்சி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். குடை, மூன்று துண்டு, அவற்றைச் சுற்றி இரண்டு பாலித்தீன் பை. "நான் படகுல உக்காந்துக்கிடுதேன். ஒரு சொட்டு என் மேல படக்கூடாது" என்று படகுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டு, நடுப்பலகையில் குடையை விரித்து உட்கார்ந்தார்.

சின்ன ஃபைபர் படகு. கிளம்பிப் பத்து நிமிஷத்தில் காலையில் சாப்பிட்ட பூரி என் தொண்டைக்குத் திரும்பி வந்தது. "ஓங்கல்! ஓங்கல்!" என்று படகுக்காரர் கத்தினார். டால்பினுக்கு அவர்கள் ஊர்ப் பேர் அது. வலது பக்கம் நாலு டால்பின் துள்ளிக் குதித்தனவாம். நான் இடது பக்கம் தலையைத் தொங்கவிட்டு மீன்களுக்குப் பூரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் தீவு ஓரத்தில் பூநாரைக் கூட்டம் நின்றதாம். அப்போது பூரி முடிந்து கிழங்கு போய்க்கொண்டிருந்தது.

தீவுக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டார்கள். கடல், பாட்டில் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, ஆளுக்கொரு மூச்சுக் குழாயும் கண்ணாடியும் கொடுத்தார் படகுக்காரர். "உள்பக்கம் எச்சி தடவி, கடல் தண்ணியில அலசி, ஈரத்தோடயே போடணும் சார். காஞ்ச கண்ணாடி போட்டா மூச்சுக் காத்துல மங்கிப்போகும்."

வெயிலண்ணாச்சி முகம் சுளித்ததை நான் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, கண்மாயக் காணோமேன்னு பாக்குதியளோ?" என்றார் செண்பகம் அக்கா.

"தண்ணியோட சூடு பாக்குதேன்க்கா" என்றேன். முதலாளி செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானார். 'நெஞ்சு வலிக்கிறது' என்று சொல்லிவிடலாமா என்று நான் வாயைத் திறந்தபோது பின்னாலிருந்து குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"ஏலே, நில்லு. நானும் எறங்குதேன்."

"அண்ணாச்சி, நீங்களா?" என்றார் முதலாளி. அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டையை மடித்துப் பாலித்தீன் பைக்குள் வைத்து, ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். எச்சி தடவி அலசி வைத்திருந்த என் கண்ணாடியை வாங்கி, முதல் துண்டால் உள்ளும் புறமும் மொறமொறவென்று துடைத்தார். தன்னுடையதையும் அப்படியே துடைத்தார். படகுக்காரர் "ஐயோ சார்" என்பதற்குள் என் முகத்தில் மாட்டிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தொபுக்கடீர் என்று விழுந்தோம்.

கடலுக்கு அடியில் நான் கண்டதை உண்மையாகச் சொல்கிறேன். வெள்ளையடித்த சுவர். ஒரு மூச்சு விட்டதுமே கண்ணாடி முழுக்கப் புகை மூடிவிட்டது. பவளப்பாறை மேலே இருந்ததா கீழே இருந்ததா, தெரியாது. ஒருமுறை தலையைத் தூக்கி, கண்ணாடியை விலக்கி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்குள் அவர் கண்ணே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவர் கை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் குழாய் வழியாகவே கும்பிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் எங்களை மேலே இழுத்துப் போட்டார்கள். போன உயிர் திரும்பி வந்ததும் கூடவே என் வாயும் வந்துவிட்டது.

"என்னத்தப் பாத்திய?" என்றார் செண்பகம் அக்கா.

"என்னத்தப் பாக்கலன்னு கேளுங்க! கிளிமீனு பச்சப் பசேல்னு போவுது. வேன் டயர் தண்டிக்கு ஒரு ஆமை..." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை. "பெறகு, ஒரு ஆவுளியா!"

கடல் பசுவைத்தான் அங்கே ஆவுளியா என்பார்கள். வரும் வழியில் படகுக்காரர் வாயிலிருந்து கேட்டதுதான்.

படகுக்காரர் சிரித்துவிட்டார். "சார், இம்புட்டு வருஷத்துல நானே ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன்."

செண்பகம் அக்கா இதற்காகவே பிறந்தவர் மாதிரி திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களும் பக்கத்துலதான இருந்திய? நீங்க சொல்லுங்க. பாத்தியளா?"

படகிலிருந்த எல்லார் முகமும் அவர் பக்கம் திரும்பியது. என் கதை முடிந்தது என்று நான் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது துண்டால் காதைத் துடைத்தார். கண்ணை மூடினார், குச்சியைக் கன்னத்தில் வைத்த மாதிரியே.

"பாத்தோம்" என்றார். "அங்கன புல்லுத் தின்னுக்கிட்டு நின்னுச்சு."

அதற்கு மேல் யார் கேள்வி கேட்பார்கள்? முதலாளி என் தோளில் தட்டினார். செண்பகம் அக்கா தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் புதிதாகப் பார்த்தார். படகுக்காரர் மட்டும் தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே படகைத் திருப்பினார்.

திரும்பும்போது வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடற்கரை ரோட்டை விட்டு விலகி, கரிசல் காடு கண்ணில் படும்வரை பொறுத்திருந்து, "எதுக்கு அண்ணாச்சி பொய் சொன்னிய?" என்று காதோடு கேட்டேன்.

சட்டைக் கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினார். என் நகம் நாலும் வரிசையாகப் பதிந்திருந்தன.

"இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எறங்கியிருக்கியேலே. ஒரு ஆவுளியாவப் பாத்ததா இருந்துட்டுப் போவட்டும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. மடியில் இருந்த மூன்றாவது துண்டை எடுத்து மெதுவாகத் துவட்டிவிட்டேன். இந்த நாற்பத்தாறு வயதில் எனக்காக ஒருவர் நனைந்தது அதுதான் முதல் தடவை.